இ பிளாக்குக்குப் பின்னால் ஒரு பிர்னோ தெரு

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, திருச்சிக்குக் கிழக்கே இருந்த கொதிகலன் ஆலைக் குடியிருப்பில், இ பிளாக்குக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே, முந்தின நாள் வரை ஒரு சாக்கடையும் இரண்டு வேப்பமரமும் மட்டுமே இருந்த இடத்தில், எண்பது தப்படி நீளத்துக்கு ஒரு தெரு வந்து நின்றது. காவலாளி சவரிமுத்துதான் முதலில் பார்த்தார். சைக்கிளை விட்டு இறங்கி, கல் பாவிய ஈரத் தரையைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டி, அது கெட்டியாக இருக்கவே, அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டில் ‘இ பிளாக் பின்புறம் தெரு ஒன்று, புதிது, விளக்கு எரிகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தோடு ஷிப்ட் முடிந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார்.

தெருவில் பக்கத்துக்கு ஐந்து வாசல்கள் இருந்தன. அவற்றில் நான்கு கடைகள். ஒன்றில் ரொட்டித் துண்டுகளின் மேல் எதையெதையோ அடுக்கிக் கொடுத்தார்கள், ஒன்று இறைச்சிக்கடை, ஒன்று மிட்டாய்க்கடை, கடைசியில் இருந்தது பீரும் சாப்பாடும் கிடைக்கிற ஒரு பெரிய கூடம். வெளியே நூற்றாறு டிகிரி வெயில் காயும்போது அந்தத் தெருவுக்குள் மட்டும் அக்டோபர் மாதமாக இருந்தது, இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தன, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோயில் மணி காலை பதினோரு மணிக்கே பன்னிரண்டு அடித்தது. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்டவர்கள் முதல் வாரத்தோடு கேட்பதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அதைவிட அவசரமான காரியங்கள் இருந்தன. கைக்குழந்தைகளுக்கு வேர்க்குரு பொரிந்திருந்தது, தாய்மார்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தெருவில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். கொடைக்கானல் சுற்றுலாவுக்கு வாங்கிய ஸ்வெட்டர்கள் பரணிலிருந்து இறங்கின. மிட்டாய்க்கடை வாசல் வெறுமையாகக் கிடக்கிறதே என்று டி பிளாக் பெண்கள் முறைவைத்துக் கோலம் போட்டார்கள், ஈரக் கல்லில் மாவு ஒட்டாமல் வழிந்தாலும் மறுநாள் மறுபடி போட்டார்கள். பதினொன்றுக்கே பன்னிரண்டு அடித்ததால் பாதிக் குடியிருப்பு ஒரு மணி நேரம் முன்னதாகவே மத்தியானச் சாப்பாட்டை முடித்தது, அதில் யாருக்கும் வருத்தமில்லை. மதுவிலக்குப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, அந்தத் தெரு எந்தச் சர்வே எண்ணிலும் அடங்கவில்லை என்பதை அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, கஷாயமும் சோடாவும் கலந்ததுபோல் இருந்த கோஃபோலா என்கிற கறுப்புப் பானத்தை ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, வயிறு லேசாகிவிட்டது என்று சொல்லிப் போனார்.

தெருக்காரர்கள் காசு வாங்க மறுத்தார்கள். அவர்கள் விரும்பியது வெயிலை. இறைச்சிக்கடைக்காரர் தினமும் தெருமுனைக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, பின்னங்கால் இரண்டும் கல் தரையிலும் முன்னங்கால் இரண்டும் நம் செம்மண்ணிலும் இருக்கும்படி போட்டு, தன் வெள்ளைப் பாதங்களை வெயிலில் நீட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். போகிற வருகிறவர்கள் அவர் மடியில் ஒரு மாம்பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சாப்பாட்டைத் தவிர. எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இ பிளாக் பட்டம்மாள் மாமி, ரொட்டியில் வெண்ணெய் தடவி உப்பும் வெங்காயமும் தூவித் தருகிறார்கள் என்று நினைத்து இரண்டு துண்டு சாப்பிட்டு, ரொம்ப நாளாயிற்று இப்படி ஒரு வெண்ணெய் சாப்பிட்டு என்று எல்லாரிடமும் சொன்னாள். அது பன்றிக் கொழுப்பு என்று மூன்றாம் நாள் தெரிந்தது. மாமி ஸ்ரீரங்கம் போய்க் காவிரியில் முழுகிவிட்டு வந்து, “போனது போகட்டும், யாராவது ஒரு அட்டையில எழுதி வெக்கப்படாதோ?” என்று மட்டும் கேட்டாள். ஓய்வுபெற்ற வெல்டர் ஜமால் ராவுத்தர் இறைச்சிக்கடை முன்னால் நின்று, தொங்குகிற ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி, மாடுபோல ஒரு தடவையும் பன்றிபோல ஒரு தடவையும் கத்திக் காட்டி, எது என்று கையை விரித்தார். கடைக்காரர் சிரித்து, அவரும் இரண்டு மாதிரியும் கத்தினார். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

தெரு எந்த ஊருடையது என்பது மட்டும் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆலையைக் கட்டிய காலத்தில் செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ நகரத்துக்குப் பயிற்சிக்காகப் பதினொரு இளம் என்ஜினீயர்களை அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்த மாதிரிக் கல் தெருவும் வளைந்த வாசல்களும் இருந்தன. பதினொரு பேரில் இப்போது குடியிருப்புக்கு வெளியே சொந்த வீடு கட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தவர் ஒருவர்தான், அறுபத்திரண்டு வயது ஆறுமுகநயினார். அறுபத்தாறிலிருந்து அறுபத்தெட்டு வரை இரண்டு வருஷம் அங்கே இருந்தவர், செக் மொழி எழுதப் படிக்கப் பேசத் தெரிந்தவர். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்தத் தெருவின் ஓட்டுக்கூரை தெரியும். ஆனால் தெரு வந்து ஒன்பது நாளாகியும் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முழங்கால் வலி என்றார். மாடிக் கதவையும் சாத்திவைத்தார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வேளாளர். மனைவி உலகம்மாளும் அப்படியே. எழுபதாம் வருஷம் பெண் பார்க்க வந்தபோது, ‘இரண்டு வருஷம் சீமையில் இருந்தும் ரொட்டியும் பாலும் உருளைக்கிழங்கும் தவிர வேறொன்றைத் தொடாத பையன்’ என்று தரகர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே உலகம்மாளின் அப்பா அவரை மாப்பிள்ளையாக்கினார். அந்த வாக்கியம் முப்பத்திமூன்று வருஷமாக அந்த வீட்டில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்ததுபோல இருந்தது. விருந்தாளி வந்தால் உலகம்மாள் அதைச் சொல்லாமல் காபி கொடுத்ததில்லை.

ஆகவே, மகளிர் மன்றச் செயலாளர் ரெஜினா டீச்சர் வந்து, “சார், சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பத்து மணிக்கு எங்களைக் கூட்டிட்டு நடந்து, எந்தக் கடையில என்ன, எதுல என்ன இருக்குன்னு சொல்லிட்டு வந்தீங்கன்னா போதும்” என்று கேட்டபோது, நயினார் முழங்காலைத் தடவிக்கொண்டு பதில் யோசிப்பதற்குள் உலகம்மாளே சம்மதம் சொல்லிவிட்டாள்.

“வருவாங்க டீச்சர். இவங்க எல்லாத்துக்கும் நடுவுல இருந்தும் ஒண்ணையும் தொடாம வந்தவுக. எதுல என்ன கெடக்குன்னு இவங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?” என்றாள். பிறகு அவரைப் பார்த்து, “நானும் வாரேன். முழங்காலுக்குத் தைலம் தேச்சு விடுதேன்” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை இருபத்திமூன்று பேர் சால்வையும் மஃப்ளரும் குரங்குக் குல்லாவுமாகத் தெருமுனையில் கூடினார்கள். வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றவர்கள் கல் தரையில் கால் வைத்ததும் ஹா என்று மூச்சு விட, அது வெள்ளைப் புகையாகப் போனது. நயினார் முன்னால் நடந்தார். முதல் நாலு அடி ஜெயிலுக்குப் போகிறவரைப்போலத்தான் நடந்தார். ஐந்தாவது அடியில் ஈர இலை வாசனையும் நிலக்கரிப் புகையும் வறுத்த சீமைச் சோம்பின் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறவும், முழங்கால் வலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

ரொட்டிக்கடையில் நின்று, “இது க்லெபீச்கி. வீட்டுக்கு யாராவது வந்தா அவங்க ஊர்ல இதைத்தான் தட்டுல அடுக்கி வெப்பாங்க. அடியில ரொட்டி, அதுக்கு மேல உருளைக்கிழங்கு, அதுக்கு மேல இருக்கிற ரோஸ் கலர் பன்றி, ஓரத்துல முட்டை, ஊறுகாய் வெள்ளரி” என்று அவர் சொல்ல, ரெஜினா டீச்சர் அட்டையில் எழுதி ஆணியில் மாட்டினாள். இறைச்சிக்கடையில் வினிகரில் வெங்காயத்தோடு ஊறிக்கிடந்த கொழுத்த சாசேஜைக் காட்டி, “இதுக்குப் பேரு முழுகிப்போனவன்” என்றதும் ஜமால் ராவுத்தர், “பன்னிதானே சார்? முழுகியே கெடக்கட்டும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இறைச்சிக்கடைக்காரரும் ஏதோ புரிந்ததுபோலச் சிரித்தார். மிட்டாய்க்கடையில் காற்றாடி என்று பேர் கொண்ட, கருக்கிய சர்க்கரைப் பாகு பூசிய பெரிய பன் ஒன்றை வெட்டிப் பங்கு போட்டார்கள். முட்டை சேராத கசகசா ரொட்டி எது என்று நயினார் கேட்டுச் சொன்னார். பட்டம்மாள் மாமி அதில் இரண்டு வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஒருமுறை கேட்கச் சொல்லி, அப்புறம்தான் கடித்தாள். நயினார் பேசப் பேச மொழி தானாக வந்தது. எத்தனை விதமாகப் பீரை ஊற்றுவார்கள், நுரை எந்த அளவு நிற்க வேண்டும், ஒருவர் கிளாஸில் மிச்சமிருப்பதை இன்னொருவர் கிளாஸில் ஊற்றுவது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு போக, உலகம்மாள், குடிக்காத மனுஷனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது பார் என்கிற பெருமையோடு பின்னால் வந்தாள்.

கடைசிக் கூடத்தின் வாசலுக்கு வந்ததும் அவர் நின்றார். “இங்க பெரிசா ஒண்ணுமில்ல” என்றார். ஆனால் அதற்குள் கதவு திறந்துவிட்டது.

வந்தவள் நாற்பத்தைந்து வயதிருக்கும் அகலமான பெண், முழங்கை வரை மாவு. அந்த ஊரில் ஆண்களை பான் என்றும் பெண்களை பானி என்றும் மரியாதையாக அழைப்பார்கள். அவள் பானி யார்மிலா, கூடத்தின் சமையற்காரி, உரிமையாளர் எல்லாமே. “பான் நயினார்!” என்று கத்திக்கொண்டு வந்து அவர் இரண்டு கன்னத்தையும் மாவுக் கையால் பிடித்தாள். “ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனது போன மாசம்தானே? அதுக்குள்ள தலையெல்லாம் நரைச்சுப்போச்சே! அங்க அவ்வளவு வேலையா?” என்று அவள் செக் மொழியில் கேட்டது மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் எல்லாரும் புன்னகையோடு நின்றார்கள், தெரிந்தவர்கள் சந்தித்துக்கொள்வது எந்த மொழியிலும் நன்றாகத்தானே இருக்கும்.

அவள் அவரைக் கணப்பு அடுப்புக்குப் பக்கத்து மூலை மேஜைக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். அரை லிட்டர் பீர் வந்தது. பிறகு, யாரும் எதுவும் கேட்காமலேயே, ஒரு தட்டு வந்தது. வெளிர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குழம்பு, அதில் சாய்ந்து கிடக்கிற இறைச்சித் துண்டுகள், நூலால் அறுத்த ஆறு துண்டு வெள்ளை இட்லிபோல ஏதோ, மேலே ஒரு எலுமிச்சை வட்டம், அதன்மேல் சிவப்புப் பழத் தொக்கும் பாலேடும்.

“சார், இது எந்த அட்டை சார்?” என்று ரெஜினா டீச்சர் பேனாவோடு கேட்டாள்.

நயினார் எலுமிச்சை வட்டத்தையே பார்த்தார். யார்மிலா உலகம்மாளைப் பார்த்தாள், நெற்றியில் திருநீறையும் அவர்மேல் அவள் வைத்திருந்த கண்ணையும் பார்த்தாள், மனைவி என்று புரிந்துகொண்டாள். உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, நீளமாக, சிரித்துச் சிரித்து, நயினாரின் தோளில் தட்டித் தட்டி ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்லுதா?” என்று உலகம்மாள் கேட்டாள்.

அந்தத் தெருவில் இரண்டு மொழியும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ‘உன்னைப் பார்க்க லட்சுமி மாதிரி இருக்கிறதாம்’ என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. முப்பத்திமூன்று வருஷமாக அவருக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் யார்மிலாவின் கை அவர் தோளில் இருந்தது, தட்டிலிருந்து பிரிஞ்சி இலையும் வெந்த காரட்டும் கலந்த ஆவி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“நான் இவங்க கையால சாப்பிட்டேன்னு சொல்றாங்க” என்றார்.

“என்ன சாப்பிட்டீய?”

“முதல்ல மாட்டெலும்பு சூப்பு. ஈரல் உருண்டை போட்டது. அப்புறம் பன்றி. அப்புறம் இது. இதுக்குப் பேரு ஸ்விச்கோவா. மாட்டுக்கறி.”

“ஒரு தடவையா?”

“ரெண்டு வருஷம்.”

 உலகம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். யார்மிலாவிடம், தமிழிலேயே, “வாரேம்மா” என்றாள். வெளியே நடந்தாள். வழுக்கும் கல்லில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஜமால் ராவுத்தர்தான் தொண்டையைச் செருமினார். “சார், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்களுக்கு எதுன்னு மட்டும் காட்டிட்டுப் போங்க சார். பசிக்குது” என்றார். அதில் கேலி இல்லை. நயினார் எழுந்து, ஒவ்வொரு பானையையும் திறந்து, ஒவ்வொன்றின் பேரையும் உள்ளடக்கத்தையும் சொன்னார். சதகுப்பைக் கீரை மணக்கும் புளித்த பாலேட்டுச் சூப்பில் முட்டை உண்டு என்றார். பொரித்த பாலாடைக்கட்டி சைவம்தான், ஆனால் மேலே பூசிய மாவில் முட்டை உண்டு என்றார். டீச்சர் பதினான்கு அட்டை எழுதினாள். அவர் தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. உலகம்மாளுக்கு மனசு நொந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடுவாள், அதுதான் வழக்கம். இந்தத் தடவை அவள் சமைத்தாள், அவருக்குப் போட்டாள், தானும் தட்டுப் போட்டு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். பேசவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், மோர் ஊற்றும்போது பேசினாள்.

“ஒரு ஆம்லெட்டு.”

அவருக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர்களுடைய ஒரே மகன் மணிவாசகன் கல்லூரி விடுதியில் இருந்து லீவுக்கு வந்தபோது, விளையாட்டாக, நான் ஆம்லெட் சாப்பிட்டேன் அம்மா என்று சொல்லிவிட்டான். அவள் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நாலாம் நாள் நயினார்தான் அவனைக் குளித்துவிட்டு வரச்சொல்லி, ஈரத் துண்டோடு அவள் காலில் விழவைத்தார். அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வருவது குறைந்தது. இப்போது புனேயில் இருந்தான், தீபாவளிக்கு வந்தால் மறுநாளே கிளம்பிவிடுவான்.

“ஒரு ஆம்லெட்டுக்கு எம்பிள்ளையை விழுந்து கும்பிட வச்சீய. ஒரு மாட்டையே தின்னுட்டு வந்து பக்கத்துல நின்னீய” என்றாள். மோர்ச் செம்பை வைத்துவிட்டு, சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போனது பிர்னோ தெருவுக்கு. நேராக யார்மிலாவின் அடுப்பங்கரைக்குள் போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவளுக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, அவளுக்கு இந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. யார்மிலா அவள் முன்னால் ஒரு கூடை பிளம்ஸ் பழத்தை வைத்தாள். உலகம்மாள் கொட்டை எடுத்தாள். முட்டை வேண்டாம் என்று கையால் தடுத்துக் காட்டியதும் யார்மிலா முட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். உருளைக்கிழங்கு மாவில் பழத்தை வைத்து உருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெண்ணெயும் அரைத்த கசகசாவும் சர்க்கரையும் தூவி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கொழுக்கட்டைக்குள் சூடான புளிப்பு இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் போகும்போது ஒரு டப்பாவில் தேங்காய்ப் பூரணம் கொண்டுபோனாள். தெருவில் எல்லாரும் யார்மிலாவை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், வயதில் மூத்த உலகம்மாள் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஐந்தாம் நாள், உலகம்மாள் நயினாரைப்போல முழங்காலைத் தடவிக் காட்டி, மாட்டுக்கறித் தட்டைச் சுட்டி, ஏன் என்று கையை விரித்தாள். யார்மிலா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஒரு நெட்டையான, ஒல்லியான ஆள் நடந்து வருவதுபோல நடந்து காட்டினாள். மேலிருந்து விரல்களை ஆட்டி ஆட்டி இறக்கிப் பனி கொட்டுவதைக் காட்டினாள். பின்பு தன் விலாவில் ஒவ்வொரு எலும்பாக எண்ணிக் காட்டினாள், எட்டு, ஒன்பது, பத்து. வாசற்படியில் போய், அந்தப் பருத்த உடம்போடு, அப்படியே மடிந்து விழுந்தாள். படுத்தபடியே தலையைத் தூக்கி, ஒரு குருவிக்குஞ்சுபோல வாயைத் திறந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் உலகம்மாள் நயினார் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“ரொம்பப் பசிச்சுதா?”

அவர் பேப்பரை மடித்தார். “மூணு வாரம் ரொட்டியும் டீயும்தான். பால் ஒத்துக்கல. ஜனவரி மாசம். அந்தப் படியில விழுந்தது ஞாபகம் இருக்கு. கண்ணைத் திறந்தப்ப வாயில கரண்டி இருந்துது. முழுங்கிட்டேன். அதுக்கப்புறம்தான் என்னதுன்னு கேட்டேன்.”

“சொன்னாளா?”

“சொன்னாங்க.”

“சொன்ன பொறவு?”

“கிண்ணத்தைக் காலி பண்ணினேன்” என்றார் நயினார். சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிட்டது. “இன்னொரு கிண்ணமும் கேட்டேன், உலகு. அப்புறம் பசிக்காகச் சாப்பிட்டேன்னு சொல்ல முடியாது. பிடிச்சுத்தான் சாப்பிட்டேன்.”

உலகம்மாள் அவர் மடித்த பேப்பரை எடுத்து ஒதுக்கி வைத்தாள். “பசிச்சுத் தின்னதையோ பிடிச்சுத் தின்னதையோ நான் கேக்கல. மணி ஈரத்துண்டோட நின்னானே, அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு சாப்பிட்டிருப்பேன். அவனும் நம்ம வீட்டுல இருந்திருப்பான்.” போனை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “அவன்கிட்டச் சொல்லுங்க.”

புனேயில் மணி எடுத்தான். நயினார் மூன்று தடவை சௌக்கியமா என்று கேட்டார். பிறகு சொன்னார், தெரு வந்ததை இரண்டு வாக்கியத்திலும், பிர்னோவில் சாப்பிட்டதை ஒரு வாக்கியத்திலும், ஈரத்துண்டைப் பற்றி முடிக்க முடியாத ஒரு வாக்கியத்திலும். 

“அம்மா பக்கத்துல இருக்காளா?” என்று மணி கேட்டான்.

“இருக்கா.”

“சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா. நல்லாச் சாப்பிட்டா.”

“அப்ப சரிப்பா” என்றான் மணி.  பிறகு அவன் சிரிக்க ஆரம்பித்தான், அடக்க முடியாமல், மூச்சு முட்ட, சின்னப் பையனாக இருந்தபோது சிரித்த மாதிரி. அது போனுக்கு வெளியேயும் கேட்டது, உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆடி மாசம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன், அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னான்.

சனிக்கிழமை நடை அதற்குப் பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வரிசையை மூன்றாகப் பிரித்தார்கள். எதையும் சாப்பிடுகிறவர்களை நயினார் கூட்டிப் போனார். பன்றி ஆகாதவர்களுக்கு, எல்லாம் கற்றுக்கொண்டுவிட்ட ஜமால் ராவுத்தர். சைவத்துக்கு உலகம்மாள். அவள் வரிசைதான் மெதுவாக நகரும், ஏனென்றால் ஒவ்வொரு கடையிலும் அவள் உள்ளே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துதான் மற்றவர்களைச் சாப்பிட விடுவாள். பட்டம்மாள் மாமி பிள்ளையார் சதுர்த்திக்கு பிளம்ஸ் கொழுக்கட்டை செய்து படைத்தாள். பஸ்காரர்கள், ‘பிர்னோ தெரு இறங்கு’ என்று குரல் கொடுத்தார்கள். இறைச்சிக்கடைக்காரர் பாதம் இரண்டும் நன்றாகக் கறுத்து, பூரான் கடிக்குப் பயந்து நம்மூர் ரப்பர் செருப்பு போட ஆரம்பித்தார்.

மணி பத்து நாள் லீவில் வந்து, தினமும் அந்தத் தெருவில் நடந்து, பன்னிரண்டாம் நாள்தான் ஊருக்குப் போனான். அவன் போன சனிக்கிழமை, வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, நயினாரும் உலகம்மாளும் மட்டும் யார்மிலாவின் கூடத்தில் மிச்சமிருந்தார்கள். மூன்று மாதமாக அந்தக் கூடத்துக்கு வந்தும் நயினார் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறார், எல்லாரும் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார், தான் ஒரு வாய் வைக்கவில்லை. யார்மிலா அன்று யாரையும் கேட்கவில்லை. உலகம்மாள் முன்னால் பிளம்ஸ் உருண்டைகளை வைத்தாள், நயினார் முன்னால் ஸ்விச்கோவா தட்டை வைத்தாள், முட்கரண்டியை அவர் கையில் கொடுத்து விரல்களை மூடிவிட்டுப் போனாள்.

அவர் தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“ஆறிப்போவுது” என்றாள் உலகம்மாள்.

அவர் ஒரு துண்டை அறுத்து, குழம்பில் புரட்டி, வாயில் வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். முகத்தில் இருந்த அறுபத்திரண்டு வருஷமும் எங்கேயோ போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு.”

“நல்லாருக்குன்னா என்ன அர்த்தம்? முப்பத்திமூணு வருஷமா நான் வச்ச அத்தனைக்கும் இதைத்தான் சொல்லுதீய. நான் இதைத் திங்கப் போறதில்ல, இனிமேலும் திங்கப் போறதில்ல. எனக்கு எப்படித் தெரியும்? நெசமாச் சொல்லுங்க.”

நயினார் முட்கரண்டியைக் கீழே வைத்தார். யோசித்தார். பிறகு, வார்த்தை வார்த்தையாக, அவசரமில்லாமல் சொல்ல ஆரம்பித்தார்.

“முதல்ல இனிப்பு. சர்க்கரை இனிப்பு இல்ல, காரட்டை ரொம்ப நேரம் வேகவிட்டா ஒண்ணு வருமே, அது. அப்புறம் பின்னாலயே ஒரு புளிப்பு. புளியும் இல்ல, தயிரும் இல்ல. நாக்கு ஓரத்துல லேசாக் கிள்ளிட்டுப் போயிடும். அந்த மாவுத் துண்டுக்குன்னு ஒரு ருசியும் கிடையாது, குழம்பை உறிஞ்சிக்கிட்டு வந்து வாயில பிழிஞ்சு விடும். கறி இருக்கே, அதுக்குப் பல்லே வேண்டாம். நாக்கால அழுத்தினாப் போதும், நார் நாராப் பிரிஞ்சிடும். அப்ப மிளகு வரும். அதுக்குள்ள அந்தப் பழத் தொக்கு...” அவர் நிறுத்தினார். “உனக்கு அருவருப்பா இல்லையா?”

“இருக்கு” என்றாள் உலகம்மாள். “பழத் தொக்கு?”

“அது கசக்கும். லேசா. அந்தக் கசப்பு வந்த பிறகுதான் இன்னொரு வாய் வேணும்னு தோணும்.”

அவர் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். அவசரத்தில் குழம்பு ஒரு சொட்டு மேவாயில் வழிந்து நின்றது. உலகம்மாள் எட்டி, தன் முந்தானை நுனியால் அதைத் துடைத்துவிட்டு, முக்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ம்,” என்றாள். “சொல்லுங்க.”